பேச்சியம்மாவின் பிறப்புச் சீட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் வண்டியில் எதிர் ஆசனத்தில் இருந்த பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி சொன்னது. அவளுக்குப் பெற்றீசியா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

பத்திராதிபர் என்னிடம் கேட்டதோ வேறு. ஏழைப் பெண் ஒருத்தி பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் பிடிக்கிறாள், பொங்கல் இதழ், இரண்டு பக்கம், கடைசியில் எல்லோரும் சிரிக்க வேண்டும். நானும் ஆரம்பித்தேன்:

“வெள்ளைக் கவுனும் கறுப்புச் சப்பாத்தும் அணிந்து பேச்சியம்மா அந்தப் பெரிய வாசலைக் கடந்தபோது, கண்டிக் குன்றுகள் எல்லாம்–”

குன்றுகள் என்ன செய்தன என்று எனக்கே தெரியவில்லை. தவிர, அவள் இன்னும் வாசலைக் கடக்கவில்லை. அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன்.

2

இரண்டாவது ஆரம்பம் இது. 1934ஆம் வருடம், கார்த்திகை மாதம். கன்னியர் நடத்தும் போர்டிங் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓர் இலவச இடம். வயது தை முதலாம் திகதியன்று பன்னிரண்டுக்குள் இருக்க வேண்டும். பரீட்சைக்கு நாற்பத்து மூன்று பெண் பிள்ளைகள்.

கண்டி மஹய்யாவ மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பெற்றீசியா தன் வகுப்பிலிருந்து நான்கு பேரை அனுப்பினாள். அவள் மனதுக்குள் அனுப்பியது ஒருத்தியைத்தான். நகரசபையில் தெருக் கூட்டும் ரத்தினம்மாவின் மகள் பேச்சியம்மா, பதினொரு வயது. கணக்கை வாயிலேயே போடுவாள். இங்கிலீசில் வாசிக்கக் கொடுத்தால் மூச்சு விடாமல் ஓடுவாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு இரண்டு மாதம் அவளை இருத்திவைத்துப் பெற்றீசியா சொல்லிக் கொடுத்தாள். கதிரையில் எப்படி உட்காருவது, கேட்டதற்கு மட்டும் எப்படிப் பதில் சொல்வது, கன்னியர்களின் தலைவியான மதரைக் கண்டதும் எப்படி வணக்கம் சொல்வது.

“மதர்னா அம்மாதானே டீச்சர்? எனக்கு ஒண்ணு இருக்கே.”

“அது மரியாதைக்குச் சொல்றது.”

“எங்கம்மாவ மரியாதைக்கு யாரும் கூப்பிட்டதில்லயே.”

(இந்த இடத்தில் ஒரு பெரிய பத்தி இருந்தது. சமுதாயத்தைப் பற்றி. எடுத்துவிட்டேன். பிள்ளை சொன்னதே போதும்.)

பேச்சி கணக்கில் முதலாவது. இங்கிலீசில் மூன்றாவது. நேரில் கேட்ட கேள்விகளுக்கு அவள் சொன்ன பதில்களைக் கேட்டு மதர் சிரித்தாராம். இடம் அவளுக்குத்தான், தாள்களைச் சரிபார்த்ததும் கடிதம் வரும் என்று அந்தப் பள்ளிக்கூடத்து ஆள் வந்து சொல்லிப் போனான்.

கடிதம் வந்தது.

3

“விண்ணப்பத்தில் வயது பதினொன்று என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களே இணைத்துள்ள பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின்படி இந்தப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதும் ஒன்பது மாதமும் ஆகிறது. சனிக்கிழமை நண்பகலுக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போகும். உங்கள் பள்ளிக்கூடத்தின் சொல்லை இனி எப்படி நம்புவது என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.”

பெற்றீசியாவுக்குக் கை கால் ஓடவில்லை.* நான்கு பேரின் தாள்களை ஒன்றாகக் கட்டி அனுப்பிய அவசரத்தில், பேச்சியின் பத்திரத்தில் பெயரைப் பார்த்தாள், தகப்பன் கறுப்பையா பெயரைப் பார்த்தாள், தாய் பெயரைப் பார்த்தாள். ஆண்டைப் பார்க்கவில்லை.

அன்று புதன்கிழமை. கடிதத்தை எடுத்துக்கொண்டு நகரசபைக் கூலியாட்கள் குடியிருந்த லயத்துக்கு நடந்தாள். ரத்தினம்மா வேலை முடிந்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். பேச்சி வாளியோடு பக்கத்தில் நின்றாள். சீட்டில் ஆண்டு பிழையாக எழுதியிருக்கிறது, பதிவுகாரர் யார் என்று பெற்றீசியா கேட்டாள்.

“தப்பு இல்லீங்க டீச்சர். பொறந்தப்ப எழுதினதுதான்.”

“அப்ப இவளுக்குப் பதின்மூணா?”

“இல்லீங்க. பதினொண்ணு.”

ரத்தினம்மா அதை எந்தக் குழப்பமும் இல்லாமல் சொன்னாள். மீதியையும் கால் கழுவியபடியே சொன்னாள். 1921இல் கண்டியில் ஒரு பெண் பிறந்தது. பேச்சியம்மா என்று பெயர் வைத்துப் பதிந்தார்கள். பிறகு குடும்பம் திகனைப் பக்கம் தோட்டத்துக்குப் போனது. அங்கே இரண்டு வயதில் காய்ச்சலில் பிள்ளை கண்ணை மூடியது. நான்கு மாதம் கழித்து இன்னொரு பெண். இடது காதுக்குப் பின்னால் அதே இடத்தில் அதே மச்சம்.

“போன புள்ளயே திரும்பி வந்துருச்சு. பேர் பதியணும்னு கங்காணி வந்தாரு. இந்தா இருக்குதே சீட்டுன்னு காட்டினேன். அவரும் பாத்துட்டுப் போயிட்டாரு. ஒரே புள்ளைக்கு எதுக்குங்க ரெண்டு சீட்டு?”

பெற்றீசியா கையிலிருந்த கடிதத்தை மடித்தாள். அவள் அனுப்பியிருந்தது செத்துப்போன ஒரு குழந்தையின் பத்திரம். இரண்டு மாதம் அவள் படிப்பித்த பிள்ளை இந்த உலகத்தின் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பேச்சி வாளியைக் கீழே வைத்தாள். அவளுக்கும் இது இப்போதுதான் தெரியும்.

“அந்தப் பேச்சிக்கு எழுத்துத் தெரியுமா டீச்சர்?”

“ரெண்டு வயசுப் பிள்ளை. எப்படித் தெரியும்?”

“அப்ப பரீச்சை எழுதினது நான்தான்” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

* “தலையில் இடி விழுந்தது போல” என்று எழுதி, அடித்துவிட்டேன். இடியாவது விழுந்ததும் முடிந்துவிடும்.

4

இங்கே நான் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். ரத்தினம்மாவை எப்படி எழுதுவது? முதல் பிரதியில் அவளை ஒன்றும் தெரியாதவள் ஆக்கினேன். வாசகர் சிரிப்பார், அது அநியாயம். இரண்டாவது பிரதியில் சித்தம் கலங்கியவள் ஆக்கினேன். “அவளுடைய கண்கள் எங்கோ வெறித்து–” வேண்டாம். அவள் எங்கும் வெறிக்கவில்லை, காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் விடிய எழுந்து, ஒரு நாளும் வேலைக்குத் தவறாமல் போய், மகளைப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்து அனுப்பிய மனுஷி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கணக்கு வேறு.

[அவளை நான் நம்புகிறேனா? இந்தக் கேள்வியைப் பத்திராதிபர் பார்க்க வேண்டாம்.]

5

பெற்றீசியாவின் தமையன் வின்சன்ட் கோர்ட்டு வக்கீலான ஒரு பிரக்கிராசியிடம் கிளாக்கர். விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தான்.

“செத்த பிள்ளைக்குப் போர்டிங் கேட்டிருக்கிறியே தங்கச்சி.”

பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். வழி உண்டு என்றான். மூத்த பிள்ளையின் மரணப் பதிவுப் பிரதி ஒன்று. அதோடு தாய் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டையும் காட்டினால் மதர் ஏற்பார். புதிதாகப் பிறப்பைப் பதியும் வேலையைப் பிறகு பார்க்கலாம். அதற்கு மாதக் கணக்காகும்.

வெள்ளிக்கிழமை பெற்றீசியா பஸ் ஏறித் தோட்டப் பகுதிப் பதிவுகாரரிடம் போனாள். ஐந்து நிமிடத்தில் எடுத்துக் காட்டினார்கள். பேச்சியம்மா, பெண், வயது இரண்டு, காய்ச்சல். கறுப்பையாவின் பெருவிரல் அடையாளம். தகப்பன் பதிந்திருக்கிறான், மனைவியிடம் சொல்லவில்லை. அவனும் இப்போது உயிரோடு இல்லை.

அந்தப் பிரதியைக் கண்டதும் ரத்தினம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செத்துப்போச்சு என்று ஒரு நாளும் தன் வாயால் சொன்னதில்லை என்றாள். ஆனாலும் சனிக்கிழமை காலை, தோய்த்த சேலை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். “புள்ள படிக்கணுமில்லீங்களா?”

6

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

மதர் மனம் இரங்கித் தாளே கேட்காமல் பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார். பத்திராதிபர் இதைத்தான் விரும்புவார். ஆனால் மதரிடம் இன்னும் நாற்பத்திரண்டு பிள்ளைகளின் தாள்கள் இருக்கின்றன.

பேச்சி ஓடிவந்து, “எனக்குப் போர்டிங் வேண்டாம்மா” என்று தாயைக் கட்டிக்கொண்டு– இல்லை. அந்தப் பிள்ளைக்கு அந்த இடம் வேண்டும். அவளே வென்ற இடம். அதை அவள் வாயாலேயே பறித்து எனக்கு ஒரு முடிவு தேவையில்லை.

ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அக்குறணை முனாப் ஹாஜியார் சமாதான நீதவான், சத்தியக் கடதாசிகளுக்குக் கையெழுத்து வைப்பவர். கண்டியில் அவருடைய கடைக்குப் பின்னால் ஒரு சிறிய கந்தோர் அறை. வின்சன்ட் எழுதிக் கொடுத்த கடதாசியை அவர் ஒரு முறை தனக்குள் வாசித்தார். பிறகு ரத்தினம்மாவுக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாக உரத்து வாசித்தார்.

“எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தன. மூத்தவள் பேச்சியம்மா இறந்துவிட்டாள். இளையவள் பேச்சியம்மா வேறொரு பிள்ளை. இது சத்தியம்.” வாசித்துவிட்டு மைப்பெட்டியை நகர்த்தினார். “தங்கச்சி, விளங்கினாப் பெருவெரல வைங்க.”

ரத்தினம்மா விரலை மையில் தோய்த்தாள். தாளுக்குக் கொண்டுவந்தாள். அங்கே நிறுத்தினாள்.

“அப்ப நான் ரெண்டு பெத்தவளாங்கய்யா?”

முனாப் ஹாஜியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வின்சன்ட் சன்னல் பக்கம் பார்த்தான்.

“அப்ப ஒண்ணுக்குப் பதினொரு வருஷமா நான் அழவேயில்லயே, டீச்சர்.”

அதைக் குழாயடியில் பேசிய அதே குரலில்தான் சொன்னாள். பெற்றீசியா அவள் பக்கம் குனிந்தாள். கண்ணைத் தாழ்த்திப் பார்த்தாள். ரத்தினம்மாவின் மணிக்கட்டை ஒரு கை இறுகப் பிடித்திருந்தது. எழுதத் தெரியாதவர்களின் கையைப் பிடித்து அழுத்தி வைப்பது கந்தோர்களில் வழக்கம்தான். ஆனால் இங்கே யாரும் அப்படிப் பிடிக்கச் சொல்லவில்லை. அது தன்னுடைய கை என்று விளங்கப் பெற்றீசியாவுக்குச் சற்று நேரம் எடுத்தது.

அந்தக் கை அழுத்தியதா, இழுத்ததா? எனக்குச் சொன்னவள் அதைச் சொல்லவில்லை. அழுத்தியது என்று ஒரு பிரதி எழுதினேன். பேச்சி வாசலைக் கடந்தாள், நான் பேனாவை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். இழுத்தது என்று ஒரு பிரதி எழுதினேன். அதை வாசிக்க எனக்கே முடியவில்லை.

மணி பதினொன்றரை. நண்பகலுக்கு இன்னும் அரை மணி நேரம். பெருவிரலுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு நெல்மணி அளவு இடைவெளி. என் கையை நான் எடுத்துவிட்டேன். மணிக்கட்டைப் பிடித்திருப்பது இப்போது நீங்கள்தான்.