கொஞ்ச நேரம்

"அம்மா, கொஞ்சம்னா எத்தனை மணி?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். "கொஞ்ச நேரத்துல வந்துடுவேன்" என்று தினமும் காலையில் சொல்லிவிட்டுப் போகிற தாயிடம் கேட்ட கேள்வி அது.

அந்தச் சொல் அவளுடையதே அல்ல. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து மேற்பார்வையாளருடையது. துணி மிஞ்சுகிற நாட்களில் ஐந்து மணிக்கு வாசலில் வந்து நின்று, "எல்லாரும் கார்டு அடிச்சிட்டு வந்துடுங்க. கொஞ்சம் வேலை பாக்கி" என்பார். வேலை நேரம் பதிகிற அந்தக் கார்டின்படி எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆட்கள் மட்டும் மேசை முன்னால் விரிப்பு மடித்துக்கொண்டிருப்பார்கள். இப்படிப் போகிற ஒன்றரை மணி நேரத்துக்குக் கூலி கிடையாது. பெண்கள் அவருக்குக் 'கொஞ்சம் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனாலும் யாரும் மறுத்ததில்லை. வேலை போய்விடும் என்ற பயம் பாதி; விரிப்பில்லாமல் ஒரு நோயாளி படுக்க நேருமே என்ற இரக்கம் பாதி.

இன்று அவளுக்கு வேறு பயம். பிள்ளைகள் காப்பகத்தை ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். இந்த மாதம் நான்கு முறை தாமதம். "இன்னொரு தடவை லேட்டானா வேற இடம் பாத்துக்குங்க" என்று ஆயா நேற்றுச் சொல்லிவிட்டாள். வேறு இடம் இல்லை. கணவன் லாரியோடு வெளியூரில். காப்பகம் போனால் வேலையும் போயிற்று.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, உலர்த்தும் அறையிலிருந்து இரண்டு தள்ளுவண்டிகள் நிறையத் துணி வந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பக்கத்து மேசை நெட்டை அக்கா அதைக் கவனித்தாள். "நீ கிளம்புடி. உன் பங்கை நான் பாத்துக்கறேன்."

"சார் கேட்டா?"

"கேக்கட்டும். என்னை என்ன, இஸ்திரி போட்டு அலமாரியிலயா வச்சிடுவாரு?"

'ஆண்டவனே, துணையிரு' என்று வேண்டிக்கொண்டு போய்க் கார்டை அடித்தாள். அங்கேதான் தவறு நடந்தது. கார்டு அடித்ததும் மேசைக்குத் திரும்பியே பழகிய கால்கள், வெளியே போகாமல் மேசைக்கே வந்துவிட்டன. மூன்றாவது விரிப்பை மடிக்கும்போது, தள்ளுவண்டியை இழுத்து வந்த நெட்டை அக்கா அலறினாள்: "அடிப்பாவி, நீ இன்னுமா இங்க நிக்கறே!"

மணி ஐந்து பத்து. பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் கொஞ்சம் சார் நின்றார். "எங்கம்மா கிளம்பிட்டீங்க? நாளைக்கு ஆபரேஷனுக்குப் போற துணி. கொஞ்சம்..."

அவள் அவர் எதிரே நின்று சொன்னாள்: "என் கார்டு அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போயிடுச்சு சார். அதுக்குப் பின்னாலேயே நானும் போகணும். முன்கூட்டியே கேளுங்க, செஞ்ச நேரத்தைக் கார்டுல ஏத்துங்க. பிள்ளைக்கு ஏற்பாடு பண்ணிட்டு இருந்து செய்யறேன். நோயாளிக்குச் செய்ய மாட்டேன்னு சொல்லல."

"மேல இருக்கறவங்க என்னைத்தானேம்மா பிடிப்பாங்க" என்று முணுமுணுத்தவர், ஓரமாக நகர்ந்து வழிவிட்டார்.

பஸ் ஊர்ந்தது. கடைசி இரண்டு தெருக்களை ஓடியே கடந்தாள். அப்படியும் ஐந்து நாற்பது. ஆயா கையில் பூட்டோடு படியில் உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

"மன்னிச்சிடுங்க ஆயாம்மா."

"மன்னிக்கறது இருக்கட்டும். நீங்க வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேனே, இதுக்கு எனக்கு யாரும்மா சம்பளம் தர்றா? வீட்டுல என் தம்பி எழுந்து நடக்க முடியாம கிடக்கான். நான் போய்த்தான் அவனுக்குத் தண்ணியே கொடுக்கணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. அங்கே தன்னிடமிருந்து பிடுங்கப்பட்ட நேரத்தை, தனக்கே தெரியாமல் இங்கே வந்து இவளிடம் பிடுங்கியிருக்கிறாள். பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்ச நினைத்து வந்தவள், குனிந்து மகளை மட்டும் தூக்கிக்கொண்டாள்.

ஆயா பெருமூச்சு விட்டாள். "நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. நாளைக்கு ஒருநாள் பாக்கறேன்."

மறுநாள் சலவைக்கூடத்துக் கதவு அசையும்போதெல்லாம், 'கணக்கை முடித்துக்கொண்டு போ' என்று சொல்லப்போகிறார்கள் என அவள் நிமிர்ந்து பார்த்தாள். மதியம் கொஞ்சம் சார் வந்தார். தரையைப் பார்த்தபடி, "சாயங்காலம் யாரால இருக்க முடியும்? இருக்கறவங்க வேலை முடிச்சிட்டே கார்டு அடிங்க" என்றார்.

"சாருக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று நெட்டை அக்கா கிசுகிசுத்தாள்.

இந்த நல்ல புத்தி எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. அவள் ஐந்துக்குக் கிளம்பினாள்.

காப்பகத்தில் முன்னறை காலியாக இருந்தது. பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம். ஆயா பிள்ளைகளுக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கொடியிலிருந்து எடுத்த சின்ன விரிப்புகள் பெஞ்சில் குவிந்து கிடந்தன. அவற்றை மடித்து வைத்தபிறகுதான் ஆயா வீட்டுக்குப் போக முடியும்.

அவள் செருப்பைக் கழற்றினாள். முனையோடு முனை சேர்த்து, பதினாறையும் ஓசையின்றி மடித்து அலமாரியில் அடுக்கினாள். பிறகு வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, அப்போதுதான் வந்தவள்போலக் கதவைத் தட்டினாள்.