இரட்டைப் பொட்டு

விமானத்தை வாங்க வந்த நிறுவனத்தின் சோதனையாளர் பராமரிப்புப் பதிவேட்டை மூடிவிட்டார். பத்தொன்பது ஆண்டுகள் பறந்த அந்த இரட்டை டர்போபிராப் எஞ்சின் விமானத்தில் அவருக்குக் குறையொன்றும் தென்படவில்லை. மறுநாள் காலை அது மலேசியாவின் ஈப்போவை விட்டு, கடல் தாண்டி, ஏதோ தீவுகளுக்குப் போகவேண்டும். அது 1982, செப்டம்பர் மாதம்.

மெக்கானிக் அர்ச்சுனன் மூக்குச் சக்கர அறைக்குள் தலையை நுழைத்தான். கதவின் உட்புறத்தில் சிவப்புப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று அவன் வைத்தவை; குங்குமம் மழையில் கரையும் என்பதால் பெயின்டில் வைத்தான். ஆறாண்டுக்கு ஒருமுறை, சக்கரக் காலின் பெரிய போல்ட்டைக் கழற்றி விரிசல் பார்க்கும் ஆண்டில் மட்டும் இரண்டு பொட்டு. 1972க்கு இரண்டு இருந்தன. 1978க்கு ஒன்றுதான்.

அந்த ஆண்டும் கழற்றியதாகப் பதிவேட்டில் அவன் கையெழுத்து இருந்தது. கழற்ற வேண்டிய அன்று, தாய் குடியிருந்த தோட்டத்தில் தொழிலாளர் லயத்தை இடித்தார்கள். அவள் சாமான்களை லோரியில் ஏற்றப் போய்விட்டான். கையெழுத்துப் போட வந்த கை, இரண்டாம் பொட்டு வைக்க வரவில்லை.

தலைமை மெக்கானிக் ஷரபுதீன் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நாளைக்கு அத விடாதீங்க.”

“ஏன்லா? பொண்ணக் கட்டிக்குடுத்து அனுப்புற மாதிரி மூஞ்ச வச்சிருக்கே?”

“எழுபத்தெட்டுல போல்ட்ட நான் கழட்டலண்ணே. கையெழுத்து மட்டும் போட்டேன்.”

ஷரபுதீன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

“லைசன் போயிரும், தெரியுமா?”

“தெரியும்.”

“பைத்தியம்லா நீ. ஜேக்க எடு.”

பிற்பகல் வெயிலில் ஜேக் தூக்க, விமானத்தின் மூக்கு மெல்ல உயர்ந்தது. உறக்கத்தில் எதிரிலிருந்த மலையை முகர்வதுபோல் இருந்தது. கழற்றிய போல்ட்டில் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தார்கள். விரிசல் இருந்தால் வெண்மையில் ஒரு சிவப்புக் கோடு கசிந்து எழும். இருவரும் குந்தியிருந்து பார்த்தார்கள். பத்து நிமிடம், பிறகு இன்னும் பத்து நிமிடம். காற்று நின்றிருந்தது. எங்கோ ஒரு விசிறி சுழன்றது. அதுவும் தொலைவில் வரும் எஞ்சின்போல் கேட்டது.

வெண்மை வெண்மையாகவே இருந்தது.

“ஒண்ணுமில்லடா!” ஷரபுதீன் எழுந்தார். “மாட்டிட்டு வீட்டுக்குப் போ. நான் எதையும் கேக்கல, நீ எதையும் சொல்லல.”

அர்ச்சுனன் போல்ட்டை மாட்டினான். பிறகு பதிவேட்டைத் திறந்து எழுதினான்: 1978ஆம் ஆண்டுப் பதிவு பொய், போல்ட் இன்றுதான் கழற்றிச் சோதிக்கப்பட்டது, விரிசல் இல்லை. கீழே கையெழுத்திட்டான்.

ஷரபுதீன் அதை இருமுறை படித்தார். “பெயின்டு டப்பா அந்த மேசைக்கடியில இருக்கு,” என்றார்.

பூசைக்கு ஒரு மாதம் இருந்தது. அர்ச்சுனன் வரிசையின் கடைசியில் இரண்டு பொட்டு வைத்தான். பழைய ஒற்றைப் பொட்டின் பக்கத்தில் இடம் இருந்தது. அதை அப்படியே விட்டான்.

மூன்றாம் நாள் காலை, அந்தப் பதிவால் வேலையிழந்த அர்ச்சுனன், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் தன் வீட்டு வாசலில் நின்றான். பனிக்குள்ளே சுண்ணாம்பு மலையின் ஒரு துண்டு கழன்று மிதப்பதுபோல் தோன்றியது; ஒரு நாள் தாமதமாகப் புறப்பட்ட அந்த விமானம்தான். ஓசை பிறகே வந்து சேர்ந்தது. மூக்குச் சக்கரம் மடிந்து உள்ளே போயிற்று. கதவு மூடிக்கொண்டது.

1978க்கு ஒன்று. 1982க்கு இரண்டு.