தெரியும்

துணி கம்பெனியில் சாப்பாட்டு நேரம் அரை மணி. ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு, மீதி நேரமெல்லாம் இஸ்திரிப் பகுதியின் பின்வாசலில் நின்று போன் போட்டுக்கொண்டிருந்தேன். அரசாங்கக் காப்பீட்டு அட்டையோடு தந்த பட்டியலில் கண் டாக்டர்கள் என்று பதினாலு பேர். ஒருவர் செத்துப் போயிருந்தார். ஒருவர் பல் டாக்டர். மூன்று இடங்களில் "அந்த அட்டையை நிறுத்திட்டோம்மா" என்றார்கள், ஏதோ நான்தான் கெட்ட பழக்கத்தை விடாதவள் மாதிரி. மற்ற இடங்களில் பாட்டு போட்டுக் காக்க வைத்தார்கள். பாட்டு முடிந்ததும் லைன் கட்டாகும். மறுபடி அடிப்பேன். எனக்கு வெட்கமும் இல்லை, வேறு வழியும் இல்லை.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். இருபத்திரண்டு வருஷம். இரண்டு மாதமாக டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றுகிறார். கேட்டால் "தூக்கம் போதல" என்பார். போன வாரம் தெருவில் எதிரே வந்த என்னை யாரோ என்று நினைத்து, மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். முதலில் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான் உறைத்தது. அன்று காலையில்தான் இந்த மனுஷன் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

பன்னிரண்டாவது நம்பரில் ஒரு பெண், "அட்டை எடுப்போம், வியாழக்கிழமை வாங்க" என்றாள். நம்பாமல் இரண்டு தடவை கேட்டேன்.

"ஆனா ஒண்ணும்மா. புரை இருந்தாலும், போர்டுல மூணாவது வரியைத் தாண்டிப் படிச்சிட்டா அட்டையில ஆபரேஷன் கிடையாது."

வியாழக்கிழமை போகிற வழியெல்லாம் இவர் காதில் ஓதிக்கொண்டே வந்தேன். "தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. ஆபரேஷன் முடிஞ்சா ஒரு மாசத்துல மறுபடி வண்டி எடுக்கலாம்." சரி, சரி என்று தலையாட்டினார்.

டாக்டரம்மா சின்ன வயசு, தூக்கம் காணாத முகம். இரண்டு கண்ணிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்து, "ரெண்டுலயும் புரை. போர்டை மட்டும் பார்த்துட்டு எழுதிக் கொடுத்துடறேன்" என்றார். அப்பாடா என்றிருந்தது. அறை விளக்கை அணைத்தார். எதிர்ச்சுவரில் எழுத்துப் போர்டு ஒளிர்ந்தது.

உட்கார்ந்தே படிக்கலாம் என்று சொன்னதைக் கேட்காமல் இவர் எழுந்து, குதிகால்களைச் சேர்த்து நின்றார். "ட. ப, ர. ம, ய, க." நிற்கவில்லை. நாலாவது வரி, ஐந்தாவது வரி. எழுத்து சின்னதாக ஆக இவர் வேகம் கூடிக்கொண்டே போனது.

"கடைசி வரிகூடத் தெரியுதா?"

"தெரியும் டாக்டர்."

தெரியுது என்று சொல்லவில்லை. தெரியும் என்றார். டிப்போவில் வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. அந்தச் சமயங்களில் குளியலறைக்குள் இவர் முணுமுணுப்பதைப் பாட்டு என்று நினைத்து, இந்த வயதில் குஷியைப் பார் என்று கேலி செய்த முட்டாள் நான். அங்கேயும் இதே போர்டுதான் போல.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இவ்வளவு புரையோட எப்படிப் படிக்கிறாருன்னு புரியல. ஆனா படிச்சிட்டா நான் எழுத முடியாது. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

நான் இவர் காதருகே குனிந்தேன். "ஏங்க?"

"போர்டுன்னாலே வாய் தானா ஒப்பிச்சிடுது." இவரும் கிசுகிசுத்தார். "சொல்லிடாத. டிப்போவுக்குத் தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"எத்தனை வருஷமா?"

"நாலு."

நாலு வருஷமாக எங்கள் மகள் இவருடைய பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. வேர்த்து வழிந்த அந்தக் கழுத்தைத் துடைத்துவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"டாக்டர், வேற போர்டு இருக்கா?"

இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அப்புறம் இவரைப் பார்த்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். எழுத்துகள் போய் எண்கள் வந்தன.

"நாலாவது வரியை மட்டும் படிங்க."

ஐந்து, இரண்டு, எட்டு, ஒன்று. நான் நின்ற இடத்திலிருந்தே பளிச்சென்று இருந்தது. இவர் என் கையை விட்டார். கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தாடையை நிமிர்த்தி, கொஞ்சமும் தடுமாறாத குரலில் ஆரம்பித்தார்.

"வ, ட, ந, ப."