ஓடாமல் நின்ற பிள்ளைகள்

ஜெஸீரின் ஜனாஸாவுக்கு ஊர் வரவில்லை. கல்முனையில் ஒரு மையித்து விழுந்தால் கடைக்காரர்கள் கதவைப் பாதி சாத்திவிட்டு எழுந்து வருவார்கள். தெரிந்தவன் தெரியாதவன் என்று பார்க்காமல் மையித்தைத் தூக்கும் சந்தூக்குக்குத் தோள் கொடுப்பார்கள். அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் வேலை இருந்தது. போதைத் தூள் அடித்துச் செத்தவன் என்ற பேச்சு சந்தூக்குக்கு முன்னமே மையவாடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

கடற்கரையில், சுனாமி அள்ளிக்கொண்டு போன வீடுகளின் அத்திவாரங்களுக்கு நடுவே அவன் கிடந்தான். விடியற்காலை கரைவலை இழுக்கப் போனவர்கள்தான் கண்டார்கள். வாப்பாவை அந்தக் கடலுக்கே கொடுத்தவன். உம்மா சபியா உம்மா இடியப்பம் அவித்து விற்று வளர்த்த ஒரே பிள்ளை. யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீதித் தடைகள் எடுபட்டு, ஊருக்குள் எல்லாமே வரத் தொடங்கியிருந்த காலம். தூளும் வந்தது.

ஆதிலா டீச்சருக்கு ஜெஸீரைத் தெரியும். சுகாதாரப் பாடம் படிப்பித்திருக்கிறாள். வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து நன்றாகப் படம் கீறுகிறவன். போதை ஒழிப்புத் தினத்துக்கு பாடசாலை மண்டபத்தில் தொங்கவிடும் மண்டையோட்டுப் படத்தைக்கூட ஒரு வருடம் அவன்தான் கீறிக் கொடுத்தான்.

அந்தத் தினம் திரும்பவும் வந்துகொண்டிருந்தது. ஆதிலா மண்டபத்தில் கதிரை மேல் ஏறி நின்று, ‘தொட்டால் மரணம்’ என்ற பதாகையைக் கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் சபியா உம்மா வந்து நின்றாள்.

“டீச்சர், உங்களுக்கிட்ட ஒரு விசயம் கேக்க வந்த.”

ஆதிலா இறங்கி வந்து அவளுடைய கையைப் பிடித்தாள். அந்தக் கை சில்லென்றிருந்தது.

“என்ட மகன் விழுந்த நேரம் கூட்டாளிமார் பக்கத்தில இருந்திரிக்காங்க. உசிரும் இருந்திரிக்கி. ஆஸ்பத்திரி கண்ணுக்கெட்டின தூரம். ஒருத்தனும் தூக்கல்ல, ஓடிட்டாங்க. கெட்ட புள்ளைகள் இல்ல டீச்சர், என்ட வீட்டில சோறு திண்ட புள்ளைகள். அதுகள் ஏன் ஓடின?”

அவளுடைய குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வந்திருந்தாள்.

பதிலை றிஸ்மி சொன்னான். உயர்தர வகுப்பு மாணவன், ஜெஸீரின் அயல்வீட்டுக்காரன். ஆதிலா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அதட்டாமல் கேட்டாள். அவன் உடைந்து அழுதான்.

“நான் தூள் தொடல்ல டீச்சர், அவனத் தேடிப் போன மட்டுந்தான். போற நேரம் விழுந்து கிடந்தான். தொட்டா மரணம் என்டுதானே நீங்க சொன்ன? மௌத்தாயிட்டான் என்டு நினைச்சிட்டன். மூச்சிரிக்கா என்டு பாக்கத் தோணவே இல்ல. பொலிசு பிடிக்கும், பள்ளியில பேர் வாசிப்பாங்க, வாப்பா கொன்டு போடுவார். மத்தவனுகள் ஓடினானுகள், நானும் ஓடிட்டன்.”

பேர் வாசிக்கிறது என்பது பள்ளிவாசல் தலைவர் பக்கீர் முகைதீன் ஹாஜியாரின் யோசனை. தூள் பாவிக்கிறவர்களின் பெயரை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒலிபெருக்கியில் சொன்னால் மற்றவர்கள் வெட்கப்பட்டு விலகுவார்கள் என்று அவர் மனதார நம்பினார். ஊரும் நம்பியது. ஆதிலாவும் நேற்று வரைக்கும் நம்பியிருந்தாள்.

அன்று மாலையே அவள் ஆஸ்பத்திரியில் டொக்டர் கேதீஸ்வரனைப் போய்ப் பார்த்தாள். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்தவர், ஜெஸீரின் உடலைப் பார்த்தவரும் அவர்தான்.

“அவன் விழுந்து கன நேரம் உயிரோட இருந்திருக்கான் டீச்சர்,” என்றார். “இந்தத் தூள் மூச்சை மெதுமெதுவாத்தான் நிப்பாட்டும். ஒருத்தன் பக்கத்தில இருந்து சரிச்சுப் படுக்க வெச்சு, இஞ்ச கொண்டு வந்திருந்தாப் போதும். மூச்சத் திருப்பிற ஊசி எங்களுக்கிட்ட இருக்கு. ஆனா ஆரும் கொண்டு வாறாங்க இல்ல. எல்லாருக்கும் பயம்.”

“நீங்க பொலிசுக்குச் சொல்ல மாட்டீங்களா?”

“நான் டொக்டர். எனக்கு மூச்சுத்தான் முக்கியம். ஆள் புடிச்சுக் குடுக்கிறது என்ட வேலை இல்ல.”

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஆதிலா அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குப் பயத்தை ஊட்டி வந்திருக்கிறாள். அவர்களும் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார்கள்.

மறுநாள் அவள் பதாகையை அவிழ்த்துச் சுருட்டி வைத்தாள். வகுப்பில் கதவைச் சாத்திவிட்டு, மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“இண்டைக்கு நான் பொய் சொல்ல மாட்டன். தூள் அடிச்சா முதல்ல சுகமாத்தான் இரிக்கும். கவலை மறக்கும். அதாலதான் ஆக்கள் அடிக்கிற. உம்மா வாப்பாவக் கடல் கொண்டு போன புள்ளைக்கு, ஷெல் சத்தம் கேட்டு வளந்த புள்ளைக்கு, அந்தச் சுகம் எவ்வளவு பெரிசு என்டு எனக்கு விளங்குது. ஆனா பிறகு என்ன நடக்கும் என்டு சொல்லுறன், கேளுங்க.”

எப்போதும் கடைசி வாங்கில் கேட்கும் சிரிப்பு அன்றைக்குக் கேட்கவில்லை. சுகம் எப்படித் தேய்ந்து போகும், அது இல்லாவிட்டால் உடம்பு எப்படி முறுகும், அதை விட முடியுமா, யாரிடம் போகலாம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். கேட்கவே கூடாது என்று நினைத்திருந்த கேள்விகள். ஒன்றுக்கும் அவள் முகம் சுளிக்கவில்லை. அடுத்த வாரம் டொக்டரையே கூட்டி வந்தாள். விழுந்து கிடப்பவனின் உதட்டையும் மூச்சையும் எப்படிப் பார்ப்பது, மூச்சு நின்றால் எப்படி ஊதுவது என்று அவர் பாய் விரித்துச் செய்து காட்டினார். றிஸ்மி முன்வரிசையில் இருந்து கண் இமைக்காமல் பார்த்தான்.

ஊர் கொதித்தது. ‘ஆதிலா டீச்சர் புள்ளைகளுக்குத் தூள் அடிக்கப் படிப்பிக்கிறா’ என்ற கதை சந்தை வரைக்கும் போய்விட்டது. அதிபர் அபுல் ஹஸன் பெற்றோர் கூட்டம் போட்டார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக மண்டபம் நிறைந்தது. பக்கீர் முகைதீன் ஹாஜியார் முன்னால் இருந்தார். மரம் விற்கும் மரக்காலை நடத்துகிறவர், அவருடைய சொல்லுக்கு ஊரில் மரியாதை அதிகம்.

“மகள், நீங்க நல்ல குடும்பத்துப் புள்ள,” என்று தொடங்கினார். “ஹறாமான ஒண்டச் சுகம் என்டு சொல்லலாமா? விழுந்தாத் தூக்கலாம் என்டு சொல்லிக் குடுத்தா, பயமில்லாம விழ மாட்டானா?”

“ஹாஜியார், பயம் இருந்தும் விழுறாங்களே,” என்றாள் ஆதிலா. “ஹறாம் என்டு நானும்தான் சொல்லுறன். நான் அவன நல்லவன் என்டு சொல்லல்ல, அவன் சாகப்படாது என்டுதான் சொல்லுறன். உசிரோட இருந்தாத்தானே திருத்தலாம்?”

சலசலப்பு எழுந்தது. “வெக்கமில்லையா?” என்று யாரோ கத்தினார்கள். அப்போது பெண்கள் பக்கத்தில் சபியா உம்மா எழுந்தாள். மகனின் மௌத்துக்குப் பிறகு அவள் ஊர்க்கூட்டத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

“கடல் வந்த அண்டைக்கு நான் முள்ளுக்கம்பியில சிக்கிக் கிடந்தன்,” என்றாள். “உடம்பில உடுப்பில்ல. என்னத் தூக்கின ஒரு தமிழ்ப் பொடியன். நீ ஆரு, நல்லவளா கெட்டவளா, என்ன சமயம் என்டு அவன் கேக்கல்ல. அவன்ட சாரத்தக் கழட்டி என்னப் போத்தித் தூக்கிட்டுப் போனான். அண்டைக்கு இந்த ஊரில ஆரும் ஆரையும் கேக்கல்ல. நீங்களும் கேக்கல்ல ஹாஜியார். எத்தின மையித்தையும் எத்தின உசிரையும் உங்கட கையாலயே தூக்கினீங்க, நான் கண்டன். என்ட மகனும் அப்பிடித்தானே விழுந்து கிடந்தான்? அவன மட்டும் ஏன் பாத்துட்டு ஓடின?”

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். ஆனால் ஊர்த் தலைவரால் ஒரு கூட்டத்தில் மனம் மாறிவிட முடியுமா? “பள்ளிச் சபையில கதைச்சு முடிவெடுப்பம். அது வரைக்கும் இந்த வகுப்ப நிப்பாட்டுங்க,” என்றார். அதிபர் தலையாட்டினார். ஆதிலா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

சபை முடிவெடுக்கும் முன்னமே அது நடந்தது.

ஒரு சனிக்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த வெயில் நேரம். ஆதிலா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கைப்பேசி அடித்தது.

“டீச்சர், றிஸ்மி கதைக்கிறன். எஞ்சின் திருத்திற றஊப் விழுந்து கிடக்கான், ஐஸ் பெக்டரிக்குப் பின்னால. மத்தவனுகள் ஓடிட்டானுகள். நாங்க ஓடல்ல டீச்சர்! நானும் கிரிக்கெட் விளையாடின மூணு பேரும் இரிக்கம்.”

“உதடு என்ன நிறம்?”

“நீலம். குறட்டை மாதிரி ஒரு சத்தம்... ஐயோ, நிண்டுட்டு! மூச்சு நிண்டுட்டு டீச்சர்!”

மீன் இரத்தம் பட்ட கையோடு ஆதிலா முற்றத்துக்கு ஓடி வந்திருந்தாள். அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக, அமைதியாக ஒலித்தது.

“மல்லாக்கப் போடு. தலையப் பின்னால சாய். நாடிய உசத்து. மூக்கப் பொத்திட்டு வாயில ஊது, நெஞ்சு எழும்புதா பார். டொக்டர் காட்டின மாதிரி. மத்த மூணு பேரையும் ஓட்டோ புடிக்கச் சொல்லு.”

போனைப் பக்கத்தில் வைத்துவிட்டான் போல. தூரத்தில் கடல் இரைச்சல், பையன்களின் கூச்சல். “தூள்காரனையெல்லாம் என்ட ஓட்டோல ஏத்த ஏலா,” என்று ஒரு முரட்டுக் குரல். “காக்கா, இவன் பாத்தும்மாட மகன்! உங்கட மகனா இருந்தா ஏத்த மாட்டீங்களா?” என்று ஒரு பையன் அழுதுகொண்டே கத்தினான். பிறகு எஞ்சின் உறுமும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

ஆதிலா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நால்வரும் வெளி விறாந்தையில் சுவரோடு ஒட்டி நின்றார்கள். றிஸ்மியின் உதடு வீங்கியிருந்தது. ஓட்டோவுக்குள்ளும் ஊதிக்கொண்டே வந்திருக்கிறான். உள்ளே டொக்டர் கேதீஸ்வரன் ஊசி போட்டுவிட்டுக் கட்டிலின் பக்கத்தில் நின்றார். றஊப்பின் நெஞ்சு ஒருதரம் பெரிதாக ஏறி இறங்கியது. இருமினான். கண்ணைத் திறந்து, தலையைத் தூக்கிக் கிழிந்திருந்த தன் சட்டையைப் பார்த்தான்.

“ஆர்ரா என்ட சேட்டக் கிழிச்ச?” என்றான்.

டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். தாதிமார் சிரித்தார்கள். விறாந்தையில் நின்ற நால்வரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தும் அழுதும் குதித்தார்கள். றஊப்பின் உம்மா பாத்தும்மா ஓடி வந்து, மகனிடம் போகும் முன் றிஸ்மியின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டாள். ஆதிலா சுவரில் சாய்ந்து நின்றாள்.

செய்தி கேட்டு ஹாஜியாரும் வந்தார். றஊப்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, றிஸ்மிக்கு முன்னால் நின்றார்.

“உனக்குப் பயமா இருக்கல்லையா மகன்?”

“இருந்திச்சு ஹாஜியார். ஆனா ஒருக்கா ஓடிப் பாத்திட்டன். அதத் தாங்க ஏலா.”

ஹாஜியாரின் தாடி அசைந்தது. அந்தப் பையனைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

அடுத்த ஜும்ஆ முடிந்ததும் ஒலிபெருக்கியில் அவருடைய குரல் வந்தது. வீடுகளில் பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்தார்கள். “இனி இந்தப் பள்ளியில ஆருட பேரும் வாசிக்கிற இல்ல. தூளுக்கு அடிமையான புள்ள இரிக்கிற வீடு, வெக்கப்பட்டு மறைக்காம எங்களுக்கிட்ட வாங்க. ஆஸ்பத்திரிக்கு நாங்க கூட்டிட்டுப் போறம். வாற ஞாயிற்றுக்கிழமை ஆதிலா டீச்சர்ட வகுப்பு. வாப்பாமார் ஒருத்தரும் தவறப்படாது.” பிறகு அவரும் சபையாரும் நேராகச் சபியா உம்மாவின் வீட்டுக்கு நடந்தார்கள். வாசலில் நின்று, “எங்களப் பொறுத்துக்கங்க தங்கச்சி,” என்றார் அவர். சபியா உம்மா கதவை அகலத் திறந்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கதிரை போதவில்லை. மீன்காரர்கள், வயல்காரர்கள், அந்த ஓட்டோக்காரர், ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறவர்கள். கூட்டம் முடிந்ததும் தன்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்று இரண்டு உம்மாமார் ஆதிலாவின் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் மேடைக்கு முன்னால் பாயை விரித்தாள்.

“விழுந்து கிடக்கிற ஆளா நடிக்க ஒருத்தர் வேணும்,” என்றாள்.

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் பக்கீர் முகைதீன் ஹாஜியார் எழுந்தார். தொப்பியைக் கழற்றி அதிபரின் மடியில் வைத்தார். வெள்ளைச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து, பாயில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“றிஸ்மி மகன், வா,” என்றார் படுத்தபடியே. “நான் கனம் கூடின ஆள். எல்லாருக்கும் தெரியிற மாதிரித் திருப்பு.”

மண்டபமே அதிரச் சிரித்தது. ஆதிலாவும் சிரித்தாள். றிஸ்மி சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வர, பின்வரிசையில் இருந்தவர்கள் நன்றாகப் பார்ப்பதற்காகக் கதிரைகளின் மேல் ஏறினார்கள்.