ஏரிஸின் பெட்டி

சண்டை வரப்போகிறது என்றதும் அந்த ஊரில் முதலில் மூட்டை கட்டியவர்கள் போர்க்கடவுள்கள்தாம். அருங்காட்சியகத்தின் மாடிக்கூடத்தில் உலகத்துப் போர்த்தெய்வங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. எகிப்தின் சிங்கமுகத்தாள் செக்மெத், ரோமாபுரியின் மார்ஸ், சீனத்துச் செம்முகக்காரர் குவான் யூ, ஓநாயின் வாயில் கையைக் கொடுத்து இழந்த வடநாட்டு டியூர். ஒவ்வொருவரும் ஒரு சேனையையே துவம்சம் செய்தவர். இப்போது பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்தால் மூக்கு உடைந்துவிடும் என்பதால் மலைச் சுரங்கத்துக்குக் கிளம்பினார்கள்.

அவர்களுக்குப் பெட்டி செய்தவளைப் பெட்டியம்மா என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். மரம் அறுப்பதும், ஸ்பாஞ்சை உருவத்துக்கு ஏற்றபடி குடைவதும், சிலையை உள்ளே உட்கார்த்தி மூடியைத் திருகுவதும் அவள் வேலை. உள்ளே எதுவும் ஆடக்கூடாது, உள்ளே இருப்பது எதுவோ அது வெளியே உள்ளது உள்ளபடி பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். இந்த இரண்டும் அவளுக்கு வேதவாக்கு.

அந்த வாரம் அவளுடைய மகனுக்குப் படையிலிருந்து அழைப்பு வந்தது. திங்கட்கிழமை முகாமில் ஆஜராக வேண்டும். கணவர் போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள் என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்த வீடு அது. கரப்பான் பூச்சியை அடிக்கச் சொன்னால் முறத்தில் வாரி வெளியே விட்டு வருகிற பையன். இவனிடம் துப்பாக்கியைக் கொடுத்து யாரைச் சுடச் சொல்லப் போகிறார்கள்?

வழி காட்டியது ஏரிஸ்தான். கிரேக்கர்களின் போர்க்கடவுள். இரண்டு அரக்கச் சகோதரர்கள் அவரைப் பிடித்து ஒரு வெண்கல ஜாடிக்குள் பதின்மூன்று மாதம் அடைத்து வைத்தார்களாம். தூசி தட்டும்போதெல்லாம் அவள் அவருக்காக உச்சுக்கொட்டியிருக்கிறாள். இப்போது வேறு மாதிரி தோன்றியது. போர்க்கடவுளையே ஒளித்து வைக்க முடியுமென்றால் ஒரு பையனை ஒளிக்க முடியாதா? சுரங்கக் கிடங்குக்குக் காவல் அவளுடைய சொந்தத் தம்பி. பெட்டிகளைத் திறப்பதும் அவன்தான். சீல் வைத்த லாரியை வழியில் யாரும் சோதிப்பதில்லை. தம்பியிடம் முன்பே பேசிவிட்டாள். "நீ அனுப்பி வை அக்கா, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்று அவன் சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை காலை, உட்கார்ந்த கோலத்தில் இருந்த பளிங்கு ஏரிஸை அடித்தளத்தில் பழைய திரைச்சீலைக் குவியலுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மகனைப் பெட்டிக்குள் உட்கார வைத்தாள். கனம் தெரிய மணல் மூட்டை. கைப்பிடிக் கயிற்றுக்குக் கீழே காற்றுக்குத் துளைகள். வீட்டுப் போர்வையை அவன் முதுகுக்குக் கொடுத்தாள்.

"அம்மா, தும்மல் வந்தா?"

"மூக்கைப் பொத்திக்கோ."

"சாமிக்கும் சளி பிடிக்கும்னு நெனச்சுக்கட்டும்."

"வாய மூடிக்கிட்டு உக்காருடா. மாமா தொறந்தப்புறம் எவ்வளவு வேணா பேசு."

மூடியைத் திருகினாள். பிறகு, கை பழகிய பழக்கத்தில், பலகையின் மேல் எழுதினாள்: ஏரிஸ், போர்க்கடவுள். உடைந்த ஓடுகள் என்று எழுதியிருந்தால் ஒரு நாயும் திரும்பிப் பார்த்திருக்காது. ஆனால் பெட்டியின் மேல் பொய் எழுதலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. உள்ளே இருந்ததே பொய் என்பது வேறு விஷயம்.

லாரியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ராணுவ வண்டி வந்து நின்றது. இறங்கிய அதிகாரிக்குத் தூங்கிப் பல நாள் ஆன கண்கள்.

"புதுசா வந்த பசங்க ரொம்ப பயப்படறாங்க. மைதானத்துல ஒரு போர்ச்சாமி சிலை வச்சா கொஞ்சம் தெம்பா இருக்கும். ஒண்ணு எடுத்துக்கறேன்."

"சார், இதெல்லாம் பொதுச்சொத்து" என்று காப்பாட்சியர் இழுத்தார்.

"சண்டைன்னு வந்தா எல்லாமே பொதுச்சொத்துதான்." அதிகாரி பெட்டிகளின் மேல் இருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டே வந்தார். ஏரிஸின் பெட்டிக்கு முன்னால் நின்றார். "இது கைக்கு அடக்கமா இருக்கு."

பெட்டியம்மா ஓடிப்போய் நடுவில் நின்றாள்.

"ஐயா, அவர் வேண்டாங்க. சரியான பயந்தாங்கொள்ளி. ட்ராய் சண்டையில ஒரு சாதாரண மனுஷன் வயித்துல ஈட்டியால குத்தினதுக்கு, பத்தாயிரம் பேர் கத்தற மாதிரி கத்திக்கிட்டு அப்பாகிட்ட ஓடிப்போய் புகார் சொன்னவர். அவர் சேர்ந்த கட்சியும் தோத்துப்போச்சு."

"அப்படியா?"

"குவான் யூவை எடுத்துக்குங்க. சொன்ன சொல் தவறாதவர். இல்லேன்னா அந்தச் சிங்கமுகத்தம்மா. கொல்ல ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. சாராயத்துல சிவப்பைக் கலந்து ரத்தம்னு ஏமாத்திக் குடிக்க வச்சுத்தான் அவளைத் தூங்க வச்சாங்க."

அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். "நிறுத்தத் தெரியாதவங்க எங்ககிட்டயே நிறைய இருக்காங்கம்மா. வலிச்சா கத்தற சாமி, கத்தினாலும் உயிரோட வீட்டுக்குப் போன சாமி. எங்க பசங்களுக்கு இவர்தான் தோது. ஏத்துங்கப்பா."

அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இரண்டு சிப்பாய்கள் கயிற்றைப் பிடித்துவிட்டார்கள்.

"நானும் வரேங்க. நான்தான் திறக்கணும், இல்லேன்னா உடைஞ்சிடும்."

"அங்க உங்களுக்கு என்ன வேலை? எங்ககிட்ட கடப்பாரை இருக்கு."

கடப்பாரை முதலில் இறங்கும் இடத்தில்தான் மகனின் தலை இருந்தது. சத்தம் போட்டால் பிடித்துக்கொள்வார்கள், போடாவிட்டால் முகாம் நடுவில் உடைத்துப் பிடித்துக்கொள்வார்கள். எந்தப் பக்கம் போனாலும் சுவர். அவள் இடுப்பிலிருந்த திருப்புளியை எடுத்து, திருகாணிகளைத் தானே கழற்றினாள்.

மகன் மெல்ல எழுந்து நின்றான். தலை முழுக்க மரத்தூள். எல்லோர் முன்னாலும் அவன் தும்மினான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. காப்பாட்சியர் வேறு பக்கம் பார்த்தார். அதிகாரி அவனிடம் ஆஜராக வேண்டிய நாளைக் கேட்டார். திங்கட்கிழமை என்றான்.

"அப்ப இன்னும் ஓடிப்போனவன் ஆகல. முன்னாடியே வந்து சேர்ந்துட்டான்னு எழுதிக்கறேன். உங்க நல்ல நேரம்மா." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது காலில் விழுந்து அழுதிருப்பாள். "வண்டியில ஏறு தம்பி."

"சார், சிலை?" என்றான் ஒரு சிப்பாய்.

"சாமி வேண்டாம். ஆள்தான் பத்தல."

மகன் அவள் கையைப் பிடித்தான். "அம்மா, உள்ளே மெத்துனு நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். வண்டி போய்விட்டது.

காப்பாட்சியர் வெகுநேரம் கழித்து, ஏரிஸ் எங்கே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் அடித்தளத்தைக் காட்டினாள். சுமை தூக்குபவர்கள் சிலையைக் கொண்டுவந்து பெட்டியில் இறக்கினார்கள். மகனின் முழங்காலுக்காகக் குடைந்த பள்ளம் சாமிக்குச் சற்றுப் பெரிதாக இருந்தது. அங்கே வீட்டுப் போர்வையை மடித்துத் திணித்தாள். மூடியைத் திருகிவிட்டுப் பெட்டியை அசைத்துப் பார்த்தாள். உள்ளே எதுவும் ஆடவில்லை. இவ்வளவு ஆன பிறகும் வேலையைச் சுத்தமாகச் செய்த தன் கைகளை வெட்டிப்போடலாம் போல இருந்தது.

லாரி தெருமுனையில் திரும்பிய பிறகுதான் தம்பியின் நினைவு வந்தது. சுரங்கத்துக்குள் போன் எடுக்காது. நாளைக் காலையில் அவன் கதவைச் சாத்திக்கொண்டு, இந்தப் பெட்டியைத்தான் முதலில் திறப்பான். "வாடா மருமகனே" என்று உள்ளே கையை நீட்டுவான்.