மச்சானின் வலது கால்

மச்சானைச் சோதனை வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைக்க அவனுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

மச்சான் கார் கம்பெனியில் தலைமைப் பொறியாளர். நாலு சக்கரத்துக்கும் இழுவை தரும் அந்த வண்டி அவர் பெற்ற பிள்ளை மாதிரி. அவன் அங்கே சோதனை ஓட்டுநர். ஈரத்தில் எந்த வேகத்தில் வண்டி பிடியை விடுகிறது என்று பார்ப்பது அவன் வேலை. அதே மாடல் வண்டியில்தான் அவன் மனைவி, மச்சானின் கூடப்பிறந்த தங்கை, மழையில் ஒரு வளைவில் சுழன்று செத்துப்போனாள். சாவு வீட்டில் அவளைப் பெற்ற அத்தை முன்னாலேயே மச்சான் சொன்னார்: "வண்டி தானா சுத்தாதும்மா. பதறிப்போய் ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்திருப்பா. ஓட்டத் தெரியாதவ கைல குடுத்ததுதான் தப்பு."

அத்தை அதை நம்பிவிட்டார். இன்றைக்கும் மகளின் படத்தைப் பார்த்து, "ஏண்டி பதறின?" என்றுதான் கேட்கிறார். செத்தவளுக்குத் திருப்பிப் பேச வாயில்லை.

சோதனைத் தளம் ஒரு பெரிய தார் வட்டம். குழாய்கள் ஓயாமல் தண்ணீர் பீய்ச்சும். வண்டி சுழன்று நின்றால், ஓட்டியவர் இறங்குவதற்கு முன் கை என்ன செய்தது, கால் என்ன செய்தது என்று ரேடியோவில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யாருக்கும் விலக்கில்லை. விதியைப் போட்டதே மச்சான்தான்.

"என்ன மாப்ள, என்னையே ஆழம் பாக்குறியா?" பெல்ட்டை மாட்டிக்கொண்டே மச்சான் சிரித்தார்.

"உங்க வண்டி மச்சான். உங்களை விட்டா யாரு ஓட்டிக் காட்டுவா?"

"பின்னாடி டயர் தேஞ்சிருக்கே."

"பாதிதான். ரோட்டுல எல்லாரும் இப்படித்தானே ஓட்டறாங்க. உங்க தங்கச்சியும்தான்."

மச்சான் சிரிப்பை நிறுத்தினார். ஆனால் கண்காணிப்பு அறையில் அவருடைய ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்க கௌரவம் விடவில்லை.

அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். வட்டத்தில் வேகம் ஏறியது. வண்டி தண்டவாளத்தில் போவது போல் போயிற்று.

"பாத்தியா?"

"இன்னும் கொஞ்சம், மச்சான்."

இன்னும் கொஞ்சத்தில் முன்சக்கரங்கள் வழுக்கி, வண்டி வட்டத்துக்கு வெளியே இழுத்தது. மச்சானின் வலது கால் அவரைக் கேட்காமலே ஆக்சிலேட்டரை விட்டு எழுந்தது. பாரம் முன்னால் சாய்ந்தது, பின்பக்கம் வீசியடித்தது. வண்டி பம்பரமாகச் சுழன்று வந்த திசையைப் பார்த்து நின்றது.

ரேடியோ கரகரத்தது. "கால் என்ன பண்ணுச்சு?"

"நீ சொல்லு மாப்ள."

"ஓட்டினது நான் இல்லையே."

மச்சான் மைக்கை எடுத்தார். "தரை ரொம்ப ஈரம்..."

"தரையைக் கேக்கலை சார். கால்."

"எடுத்துட்டேன்."

"ஏன் சார்?"

கண்ணாடித் துடைப்பான்கள் அசைந்துகொண்டிருந்தன. "பதறிட்டேன்," என்றார்.

மைக்கை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "போதுமா?"

"அத்தை காதுல விழலையே."

"அம்மாவுக்கு வயசாச்சு மாப்ள. இனிமே எதுக்கு?"

"உங்க தங்கச்சிக்கு வயசே ஆகப்போறதில்ல மச்சான். கிளம்புங்க. நீங்களே ஓட்டுங்க."

வெளியே நிஜ மழை. வழியில் அந்த வளைவு வந்தது. மச்சான் வண்டியை நத்தை மாதிரி நகர்த்தினார். பின்னால் லாரிக்காரன் ஹாரனில் வைதான். பயப்படாதீங்க என்று அவன் சொல்லவில்லை.

அத்தை கதவைத் திறந்தார். அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

"உள்ள போங்க மச்சான். கை என்ன செஞ்சது, கால் என்ன செஞ்சதுன்னு வரிசையா சொல்லுங்க."