ஹெல்வி அம்மாவின் ஜமுக்காளம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பின்லாந்தின் தம்பெரே நகரில், ஏரிக்கரையில் ஜமுக்காளம் துவைக்கும் துறையில், கையில் ஜமுக்காளமே இல்லாமல் ஒரு பெண் நின்றாள். சுற்றிலும் எல்லோரும் பைன் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமோ ஏதோ கேட்க வந்தவள் போலிருந்தது. கேட்காமலே போய்விட்டாள். நானும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே அவள் பெயர் உட்பட மிச்சமெல்லாம் என் கற்பனை.

2

மிர்வா தொலைநோக்கு கொண்ட ஒரு தொழில்முனை— (வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானே மேலே படிக்கமாட்டேன்.)

மிர்வாவுக்கு ஒரு யோசனை. வீடு வீடாகப் போய் ஜமுக்காளங்களை வாங்கி, துவைத்துக் காயவைத்துத் திருப்பிக் கொடுப்பது. தேறுமா என்று பார்க்க ஒரு செயலியில்* போட்டாள். அது கறாராகக் கேட்டது: வாடிக்கையாளர்களிடம் பேசினீர்களா? அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள்.

துறைக்குப் போனாள். வேலையாக இருப்பவர்களை எப்படித் தொந்தரவு செய்வது? பேருந்தில் ஒருவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருகிறவர்கள் பின்லாந்துக்காரர்களான நாங்கள். அவளுக்கு வாய் எழவில்லை. வீட்டுக்கு வந்து தானே எழுதினாள்:

"குனிஞ்சா நிமிர முடியலம்மா, முட்டி உயிர் போகுது. அதுக்காக அழுக்கு ஜமுக்காளத்த விரிச்சு வெச்சா அது வீடா? — ஹெல்வி, தனியாக வசிப்பவர்."

இன்னும் சிலரையும் இப்படியே உண்டாக்கினாள். செயலி பச்சை விளக்கைக் காட்டியது. 'வாடிக்கையாளரின் குரல் உயிரோட்டமாக உள்ளது' என்றது.

(*தொழில் யோசனைக்கு மதிப்பெண் போடும். பொய் சொல்கிறோமா என்பது மட்டும் அதற்குத் தெரியாது. என் பாத்திரங்களை இதுவரை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.)

3

அந்தப் பச்சையையும் ஹெல்வியின் வரிகளையும் பார்த்துவிட்டான் தம்பி சாமுலி. நகரப் பேருந்து ஓட்டுநர், நிரந்தர வேலை.

"அக்கா, நானும் உன்கூட சேந்துக்கறேன். ராஜினாமா எழுதிட்டேன். நாளைக்கு டிப்போல குடுத்துடறேன்."

"அவசரப்படாதடா."

"பச்சையே காட்டிடுச்சு, இன்னும் என்ன? நீ எப்பவும் இப்படித்தான். தண்ணில கால வெச்சிட்டு உடனே எடுத்துருவ."

மிர்வாவுக்கு முகம் சுட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தாள், அப்போது—

(இங்கே தொலைபேசியை ஒலிக்கவைத்து அவளைத் தப்பிக்க விட்டிருந்தேன். திரும்பப் படித்தபோது கூச்சமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.)

"மொதல்ல அந்த ஹெல்வி அம்மாவோடத துவைச்சுக் குடுப்போம்க்கா. காசு வாங்க வேணாம். முட்டிவலியோட எப்படித்தான் சமாளிக்கறாங்களோ, பாவம். வேன் கீழ நிக்குது. வீடு எங்க?"

4

ஹெல்விக்கு ஒரே வரியில் என்னால் வீடு கட்டித் தர முடியும். அடுத்த தெரு, மாடி, முட்டியைப் பிடித்தபடி கதவைத் திறக்கும் ஒரு அம்மா. எழுதியும் பார்த்தேன். மிர்வா நிம்மதியாக மூச்சு விட்டாள். அதைப் பார்த்துத்தான் என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. துறையில் நின்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் துணியாமல் அவளுக்கு ஒரு பெயரையும் ஒரு பொய்யையும் நானே கொடுத்திருக்கிறேன். அவள் யோக்கியமானவளாக இருக்கலாம்.

அந்த வரியை அடித்துவிட்டேன்.

சாமுலி காலணி மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். ராஜினாமா சட்டைப்பையில் இருக்கிறது.

"சொல்லுக்கா, எந்தத் தெரு?"

மிர்வா வாயைத் திறக்கிறாள். அவள் என்ன சொல்கிறாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஹெல்விக்கு மட்டும் வீடு கட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.